ஒன்பது மணி மெசேஜ்

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். ஐப்பசி பிறக்கப் போகிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மண்டபம் பஸ்ஸில் உட்கார இடமில்லை, உச்சிப்புளியிலிருந்து நின்றபடியே போனேன்.

காலையிலேயே முதலாளி நண்டு ஷெட் ஆபீஸ் அறைக்கு வந்துவிட்டார். வெளிநாட்டில் நம்மிடம் நண்டுச் சதை வாங்குகிறவர்கள் புதுசாக ஒன்று கேட்கிறார்களாம். ஒரு டப்பாவைக் காட்டினால், அது எந்தப் படகு பிடித்த நண்டு, என்றைக்கு வேகவைத்தது, எந்தப் பெண் உடைத்துச் சதை எடுத்தாள், எல்லாம் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். பேப்பரில் எழுதி வைத்தால் செல்லாது. ஆப் வேண்டும்.

"நீதான் கம்ப்யூட்டர்ல புலியாச்சே கலா. என்னத்தையாச்சும் பாத்து முடிவு பண்ணு. இழுத்தடிக்காத."

புலி என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மத்தியானம் பூராவும் இணையத்தில் மேய்ந்தது:

நோ-கோட். நிரல் ஒரு வரி எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்தால் ஆப் தயார். நானே செய்யலாம். மாத வாடகை.

லோ-கோட். பாதி இழுப்பு, பாதி எழுத்து. நம் இஷ்டத்துக்கு வளைக்கலாம். ஆனால் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். நாள் ஆகும்.

இனி நோ.கோ., லோ.கோ. என்றே எழுதுவேன். கை வலிக்கிறது.

வாங்க வேண்டியது: வீட்டில் இவருக்கு பிரஷர் மாத்திரை. எலுமிச்சை, கையில் நண்டு வாடை போக. தலைக்கு வலை.


அக்டோபர் 9, வியாழன்

லோ.கோ. ஆள் மதுரையிலிருந்து வந்தார். பிரபு. மெலிந்த தேகம், பெரிய பை. ஷெட்டுக்குள் போக கம்பூட் கொடுத்தோம், அளவு பெரிது, சளக் சளக் என்று நடந்தார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

வந்த மனிதர் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. கேள்வி, கேள்வி, கேள்வி. ரெண்டு பேருக்கு ஒரே பெயர் என்றால் எப்படிக் கூப்பிடுவீர்கள்? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? ஒருத்தர் பாதியில் எழுந்து போனால் அவர் டப்பாவை யார் முடிப்பார்கள்? ஒருத்தர் வரவில்லை என்றால் அது யாருக்குத் தெரிய வேண்டும், எதற்குத் தெரிய வேண்டும்?

எனக்கு எரிச்சல். "அதெல்லாம் ரெடிமேடா வருது சார் இப்ப," என்றேன்.

"யாரோ அவங்க ஊருக்குச் செஞ்ச ரெடிமேட் மேடம் அது," என்று சிரித்தார்.

பெரிய தத்துவம். ரெண்டு மாதம் கேட்கிறார். வாங்குகிறவர்கள் ஆடிட்டுக்கு அடுத்த மாதம் வருகிறார்கள். நாளைக்கே பிரபு கல்யாணம் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டால் அந்த எழுத்தையெல்லாம் யார் பார்ப்பது? நானா?

போகும்போது டீ கொடுத்தோம். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.


அக்டோபர் 11, சனி

முடிவு: நோ.கோ.

முதலாளிக்குச் சந்தோஷம், செலவு குறைவு. எனக்கு அதைவிடச் சந்தோஷம், நானே கட்டப் போகிறேன். எங்கள் தொழிலுக்கு ஏற்ற மாதிரி ஒன்று ரெடியாகவே இருந்தது. தொழிற்சாலை என்று போட்டதும் வேலைக்காரர் பட்டியல், வருகை, சரக்கு, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நான் "தொழிற்சாலை" என்பதை அழித்துவிட்டு "நண்டு ஷெட்" என்று மாற்றினேன். அவ்வளவுதான், எங்களுடையது ஆகிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அழகு. படகுக்கு நீலம், டப்பாவுக்குப் பச்சை. இவரிடம் காட்டினேன். "கோலம் போட்ட மாதிரி இருக்கு," என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.


அக்டோபர் 15, புதன்

பெண்களின் பெயர், போன் எண் ஏற்றும் வேலை. விடிந்ததிலிருந்து இதே. ஆளாளுக்கு ஒரு எண் கேட்கிறது ஆப். இங்கே ஆளாளுக்கு ஏது? ரோஸலி மகன் எண்ணைக் கொடுத்தாள். ஒருத்தி நாத்தனார் எண். இரண்டு சகோதரிகள் ஒரே எண்ணைச் சொன்னார்கள், "இந்த எண் ஏற்கெனவே உள்ளது" என்று சிவப்பில் முறைத்தது. ஒருத்திக்குப் பக்கத்து வீட்டு எண்.

ஆரோக்கியம் அக்கா வந்தார். பாம்பன். ஷெட்டில் அவர்தான் மூத்தவர், கை வேகம், சதை உடையாமல் முழுசாக எடுப்பார். வீட்டுக்காரர் சந்தியாகு, நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர்.

"இது யார் நம்பர் அக்கா, ஒங்களதா?"

"எங்களதுதான்."

"ஒங்களதா, அண்ணனோடதா?"

"அவுக கடலுக்குப் போற அன்னைக்கு என் கையில இருக்கும். உப்புத் தண்ணி பட்டா செத்துப் போகும்னு கொண்டுபோக மாட்டாக. போகாத அன்னைக்கு அவுக கையில."

சிரித்தேன். அப்படியே ஏற்றிவிட்டேன். அந்தப் பெட்டியில் ஒரு எண் எழுத இடம் இருக்கிறது, இன்றைக்கு யார் கையில் என்று எழுத இடமில்லை. அதற்கெல்லாம் என்ன செய்வது. பசி வேறு.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும்.


அக்டோபர் 17, வெள்ளி

முதல் மழை. ஷெட் தகரத்தில் பேச்சே கேட்கவில்லை.

ஆப் ஓடுகிறது! ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அட்டை. உள்ளே வரும்போது காட்டினால் வருகை. டப்பா முடிந்ததும் காட்டினால் அவர் பெயரில் ஏறிவிடும். முதலாளி ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார், நான் ஒரு தட்டு தட்டினேன், "ரோஸலி, வியாழன், பாம்பன் படகு" என்று வந்தது. கைதட்டினார்.

கூடவே வந்த இன்னொன்று: காலை ஒன்பது மணிக்குள் அட்டை காட்டாதவர்களின் எண்ணுக்குத் தானாகவே மெசேஜ் போய்விடுகிறது. "இன்னார் இன்று வேலைக்கு வரவில்லை." நான் கேட்கவில்லை, டெம்ப்ளேட்டிலேயே இருந்தது. முதலாளிக்கு ஆப்பிலேயே அதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. "பயம் இருக்கணும்ல," என்கிறார்.

பிரபுவுக்கு ஒரு போட்டோ அனுப்பலாமா என்று நினைத்தேன். அற்பத்தனம். அனுப்பவில்லை.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஷெட் லீவு. அதிரசம் கல்லாகிவிட்டது. இவர் பாலில் ஊறவைத்துத் தின்றார்.


அக்டோபர் 23, வியாழன்

மூட்டம். காற்று ஈரம்.

சாப்பாட்டு நேரத்தில் ஆரோக்கியம் அக்கா ஆபீஸ் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நேற்று அவர் வரவில்லை.

"நான் வரலன்னு எனக்கே சொல்லுது மேடம் ஒங்க பொட்டி. பஸ்ஸுல போயிக்கிட்டு இருக்கேன், ட்ரிங்குன்னு வருது, ஆரோக்கியமேரி வரலையாம்."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பு நின்றது.

"இத நிப்பாட்ட முடியுமா?"

"எதுக்குக்கா?"

சொன்னார். ஜெனி அவர் மகள். எங்கள் ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கார்த்தியை வீட்டை மீறிக் கட்டிக்கொண்டு ஆர்.எஸ்.மங்கலம் போய்விட்டவள். அது எல்லாருக்கும் தெரியும். சந்தியாகு அண்ணன் அன்றிலிருந்து மகள் பெயரை எடுப்பதில்லை, அந்த வீட்டு வாசலை மிதித்தால் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று மனைவியிடம் சொன்னதும் தெரியும். தெரியாதது: அக்கா போய்க்கொண்டுதான் இருக்கிறார். சாப்பாடு கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு என்று கிளம்பி, மண்டபத்தில் இறங்காமல் நேராக ராம்நாடு, அங்கிருந்து வேறு பஸ். ஜெனிக்கு இப்போது நிறைமாசம். ரோஸலிக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரியும். முன்னெல்லாம் வருகை எடுத்ததே ஆரோக்கியம் அக்காதான். யாராவது சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிவிடுவார். அவருக்காக ரோஸலி தாண்டுவாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

"அவுக கடலுக்குப் போற நாளாப் பாத்துத்தான் போறேன். போன் என் கையில. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அவுக கையில இருக்கயில வந்துச்சுன்னா..."

"பாக்குறேன்கா. பண்ணிருவேன்."

இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். மெசேஜ் ஸ்விட்ச் ஒன்றுதான். போட்டால் எல்லாருக்கும், நிறுத்தினால் எல்லாருக்கும். ஒரு ஆளுக்கு மட்டும் நிறுத்துகிற வழி இல்லை. அவருக்கு என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், "இந்த எண் ஏற்கெனவே உள்ளது." எண்ணை எடுத்துவிட்டால் அட்டையே வேலை செய்யாது. பெட்டியை இழுத்தேன், தள்ளினேன், திட்டினேன்.

கடைசியில் ஒரு சந்து கிடைத்தது. முதல் நாளே "வார விடுமுறை" என்று நான் கையால் போட்டுவிட்டால் அவருக்கு மெசேஜ் போகாது. அக்காவிடம் சொன்னேன்: போகிறதாக இருந்தால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தலையாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நண்டு ஓடு கீறிக் கீறி அவர் விரல் நுனியெல்லாம் சொரசொரப்பு.


அக்டோபர் 25, சனி

முதலாளியிடம் ஸ்விட்சை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது.

"நல்லா இருக்கறத எதுக்கு நோண்டுற? அது வந்ததுலருந்து லீவே கொறைஞ்சிருக்கு பாரு."

"சில பேரு வீட்டுல பிரச்சினை வருதுன்னு..."

"ஆடிட் முடியட்டும் கலா."

சரி என்று வந்துவிட்டேன். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். நான் கட்டிய ஆப்பை நானே குறை சொல்ல எனக்கும் மனசில்லை, அதுதான் உண்மை.

கேஸ் வரவில்லை. தலைவலி.


அக்டோபர் 28, செவ்வாய்

என்ன எழுதுவது.

காற்று. பாம்பனில் நேற்றே புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை. நாட்டுப்படகு போக வேண்டிய நாள், ஆனால் யாரும் போகவில்லை. அத்தனை ஆண்களும் கரையில். அத்தனை போனும் அவர்கள் கையில்.

உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. நான் ஷெட்டுக்குப் போனபோது ஒன்பது தாண்டிவிட்டது. ரோஸலி கம்பூட்டோடு வாசலுக்கே ஓடி வந்தாள்.

"ஜெனிக்கு வலி வந்துருச்சாம் மேடம். விடியக்காலையில கார்த்தி ஏம் மயன் போனுக்கு அடிச்சுச் சொன்னாரு. நான் போயி அக்காட்டச் சொன்னேன். அவுக அப்புடியே பஸ் ஏறிட்டாக. ஒங்கள்ட்ட சொல்லிரச் சொன்னாக, நீங்க வந்தாத்தான?"

உள்ளே ஓடினேன். கம்ப்யூட்டரில் அக்கா பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. மெசேஜ் போய்விட்டது.

அரை மணி நேரத்தில் சந்தியாகு அண்ணன் கேட்டில் நின்றார். குடை இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பாலத்து மேல் இந்தக் காற்றில் எப்படி சைக்கிளில் வந்தார் என்று தெரியவில்லை. போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அது கோபமில்லை.

"மேடம், வரலன்னு வருதே. காலையில கம்பெனிக்குன்னுதான போனா. வழியில மரமெல்லாம் விழுந்து கெடக்கு. பஸ்ஸு எதும்... இங்கன ஆஸ்பத்திரிக்கு எதும் கொண்டு போனாகளா? தோப்புப் பக்கமெல்லாம் பாத்துட்டேன் நான்."

பையோடு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது: ராம்நாட்டுக்கு ஆபீஸ் வேலையாக அனுப்பினேன் அண்ணே. ஒரே வரி. நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான், அந்த ஒரு வரி வரவில்லை. அந்த மனிதர் பயத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவுங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே, நல்லா இருக்காங்க. ஜெனிக்குத்தான் வலி வந்து, அங்க போயிருக்காங்க."

பின்னால் ரோஸலி "மேடம்" என்றாள், மெதுவாக. அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் பிளாஸ்டிக் பையைப் பிரித்தார், மெசேஜை இன்னொரு தடவை பார்த்தார், திரும்பச் சுற்றினார். "அடிக்கடி போவாளோ," என்றார். என்னைக் கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார், ஏறவில்லை.

மெசேஜ் அனுப்பியது ஆப். சொன்னது நான். ரெண்டையும் பிரித்துப் பார்த்து ஆறுதல் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை.


அக்டோபர் 29, புதன்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ரோஸலி சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சந்தியாகு அண்ணன் அக்காவின் துணிமணியை ஒரு பையில் போட்டு ரோஸலி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாராம். "அங்கனயே இருக்கச் சொல்லு." அவ்வளவுதான் பேச்சு.

ஷெட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. டீ வந்தது, வைத்துவிட்டுப் போனார்கள்.


அக்டோபர் 31, வெள்ளி

ஸ்விட்சை நிறுத்தினேன். முதலாளியைக் கேட்கவில்லை. சாயந்திரம் கண்டுபிடித்துக் கத்தினார். நானும் கத்தினேன். "ஒங்களுக்கு லீவு கொறையணும், எனக்கு ஆப் ஓடணும், நடுவுல ஒரு குடும்பம் போச்சு," என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அக்காவை அவருக்கும் பிடிக்கும். "சரி, கெடக்கட்டும்," என்றார்.

பெண்களிடம் சொன்னேன், இனி அந்த மெசேஜ் வராது. ஒருத்தி "அப்பாடா" என்றாள் வாய்விட்டு. இன்னொருத்தி கண்ணைத் துடைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு என்ன இருந்ததோ. நான் எத்தனை வீட்டுக்குள் கையை விட்டிருக்கிறேன் என்றே தெரியவில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. இவரிடம் சொல்லிவிட்டு ஆர்.எஸ்.மங்கலம் போனேன். குழந்தைக்குச் சட்டை, ஜான்சன் பவுடர், ஒரு சீப்பு வாழைப்பழம். வழியெல்லாம் வயல் பச்சை, கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டது. பார்க்கப் பிடிக்கவில்லை.

கார்த்தி வீட்டில் மரியாதையாக நடத்தினார்கள். அவன் அம்மா ஆரோக்கியம் அக்காவை "சம்பந்தி, சம்பந்தி" என்று வார்த்தைக்கு வார்த்தை. குழந்தை அப்பன் ஜாடை. மூக்கு மட்டும் சந்தியாகு அண்ணன். யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிகிறது.

அக்கா குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"விடுங்க மேடம். எத்தன நாளைக்குத் திருடி மாதிரி வந்துட்டுப் போறது. தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு."

"வீட்டுக்கு வாங்கக்கா. அண்ணன் பாவம்."

"வெரட்டுன வீட்டுக்கு நானா போவேன்? அவுக வந்து கூப்புடட்டும். பேத்தியப் பாக்கட்டும். அப்ப வாரேன்."

"ஒரு போனாவது பண்ணுங்க."

"எதுல பண்ண? போன் அவுகள்ட்டல்ல இருக்கு." சிரித்தார். "கார்த்தி நம்பர்லருந்து அடிச்சா எடுப்பாகளா?"

கிளம்பும்போது பஸ் வரைக்கும் வந்தார். இன்றைக்குக் கல்லறைத் திருநாள், ஊரில் இருந்திருந்தால் மாமியார் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொளுத்தப் போயிருப்பேன் என்றார். வீட்டுக்காரர் தனியாகத்தான் போயிருப்பார், தீப்பெட்டி கொண்டுபோக மறந்திருப்பார், யாரிடமாவது கேட்டுக்கொண்டு நிற்பார் என்றார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"நான் ஒங்கள்ட்டச் சொல்லிருந்தேன்ல மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு அடித்திருக்கலாம்.


நவம்பர் 4, செவ்வாய்

பிரபுவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "பார்த்தீங்களா" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

"நான் கட்டியிருந்தாலும் இதே தப்பு வந்திருக்கலாம் மேடம். போன் விஷயம் எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

நல்ல மனுஷன். ஆனால் அவர் கேட்டிருப்பார். கேள்வி கேட்டே உயிரை எடுத்திருப்பார், ஏதோ ஒரு நாள் ஆரோக்கியம் அக்காவிடமே போய் கம்பூட்டோடு நின்று கேட்டிருப்பார், அக்கா சொல்லியிருப்பார். நான் தேர்ந்தெடுத்தது கேள்வி கேட்காத ஒன்றை. அதனால்தான் சீக்கிரம் முடிந்தது. சீக்கிரம் முடிந்ததைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

நோ.கோ. மோசம், லோ.கோ. உசத்தி என்று எழுதவும் வரவில்லை. டப்பா விஷயத்தில் இது அருமையாக ஓடுகிறது, ஆடிட்டில் பாராட்டுவார்கள். டப்பாவுக்கு வீடு கிடையாது, புருஷன் கிடையாது. ஆட்களுக்கு வேறு மாதிரி யோசித்திருக்க வேண்டும். பிரபுவை வரச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பகுதியை மட்டும் எழுதித் தர. பொங்கல் கழித்துத்தான் வர முடியுமாம்.

கேஸ் வந்துவிட்டது.


நவம்பர் 6, வியாழன்

வெயிலும் தூறலும். படகுகள் நேற்றிலிருந்து கடலுக்குப் போகின்றன. இன்று நாட்டுப்படகுக்குக் கரை நாள், கடலுக்குப் போகாத முறை.

மத்தியானம் சந்தியாகு அண்ணன் வந்தார். இந்த முறை கேட்டில் நிற்காமல் ஆபீஸ் அறை வாசல் வரை. செருப்பைக் கழற்றிவிட்டார். தாடி. சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மெசேஜ் வரலையே மேடம்."

முதலில் புரியவில்லை எனக்கு.

"அன்னைக்கு வந்துச்சு. மறுநா வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. பெறகு வரல. அவ வேலைக்கு வந்துட்டாளோன்னு... ஷெட்டு வாசல்ல நின்னு பாத்தேன். காணோம்."

நான் நிறுத்தியதைச் சொன்னேன். அது இனி யாருக்கும் வராது அண்ணே, அதால ஒங்க வீட்டுல வந்த வினையே போதும் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இதுல, அவ வந்தா வந்துட்டான்னு வருமா?"

"இல்லண்ணே. வராதவுங்களுக்குத்தான் போகும். வந்தவுங்களுக்குக் கெடையாது."

"ஓ."

அவரிடம் பேத்தி மூக்கைப் பற்றிச் சொன்னேன். தலையைத் தூக்கவில்லை, ஆனால் கேட்டார், முழுசாகக் கேட்டார். போய்க் கூப்பிடுங்கள் அண்ணே, அவர்கள் காத்திருக்கிறார்கள் என்றேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது," என்றார். துணிப்பையக் கொண்டுபோயி வச்சவனே நான்தான, சேலையெல்லாம் என் கையாலயே மடிச்சு வச்சேன் என்றார். வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம்.

"வரலன்னாச்சும் அனுப்பச் சொல்லுங்க மேடம். காலையில ஒரு சத்தம் வரும்ல. ஆரோக்கியமேரின்னு அவ பேரு போட்டு வரும். கரையில இருக்குற அன்னைக்காச்சும் பாத்துக்குவேன்."

அவருக்கு மட்டும் அனுப்ப வழியில்லை. போட்டால் எல்லாருக்கும். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன், அத்தனை பேரும் குனிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கிறேன் அண்ணே என்று சொன்னேன். அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் உறைத்தது.


நவம்பர் 8, சனி

வானம் வெளுத்திருக்கிறது. நாட்டுப்படகுக்குக் கரை நாள். ஆடிட்டுக்கு இன்னும் பார்க்க வேண்டியது: கூல் ரூம் பதிவு, தண்ணீர் சோதனைச் சீட்டு, கையுறை.

ஆப்பைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு என் போனை எடுத்து, அந்த எண்ணுக்கு நானே தட்டினேன். ஆரோக்கியமேரி இன்று வேலைக்கு வரவில்லை.

அனுப்பியதும் ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, அண்ணன் பார்த்துவிட்டார். கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.